பிழையும் தேய்வும்: குடும்பச் சேகரிப்பு நாணயங்களில் அக்கசாலைப் பிழைகளை இனங்காணல்

ஆய்வுச்சுருக்கம்

குடும்பங்களில் வழிவழியாக வந்துசேரும் நாணயத் தொகுதிகளில் இயல்புக்கு மாறாகத் தோன்றும் காசுகள் பலவும் 'அச்சுப் பிழை' என்னும் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. அவற்றுள் அக்கசாலையில் நேர்ந்த பிழைகள் சிலவே. ஏனையவை தேய்வு, மண்ணரிப்பு, மனிதர் கைவேலை, வடிவமைப்புக் குறை ஆகியவற்றின் விளைவுகள். கரூரில் மளிகைக் கடை நடத்திய ஒருவர் 'அச்சு பிசகு' என எழுதிவைத்த 11 பொட்டலங்களை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. நாணயத்தின் மேலுள்ள ஒரு தடம் அச்சிடுவதற்கு முன் ஏற்பட்டதா, அச்சிடும்போது ஏற்பட்டதா, அச்சிட்ட பின் ஏற்பட்டதா என்று கேட்பதே இனங்காணலின் அடிப்படை என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: நாணயவியல், அக்கசாலை, அச்சுப் பிழை, தேய்மானம், வாசி, கரூர், கும்பினி நாணயங்கள்

முன்னுரை

இக்கட்டுரையாளரின் தாய்வழிப் பாட்டனார் கரூரில் மளிகைக் கடை நடத்தியவர். 1971 இல் அவர் மறைந்தபோது கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் கடைக்கு வந்த சில்லறையிலிருந்து அவர் பொறுக்கியெடுத்த காசுகளும், அமராவதி ஆற்று மணலை அரித்துப் பிழைப்போரிடம் அரிசிக்கும் புளிக்கும் மாற்றாகப் பெற்ற பழங்காசுகளும் இருந்தன. பெரும்பாலானவை துணிப்பையில் மொத்தமாகக் கிடந்தன. 11 பொட்டலங்கள் மட்டும் தனித்தனியே காகிதத்தில் மடிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் 'அச்சு பிசகு' என்று பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. சிலவற்றில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது: 'பன்றி', 'இரு முகம்', 'புள்ளி'.

அண்மையில் சேகரிப்பைப் பங்கிட வேண்டிய நிலை வந்தபோது, உறவினர் ஒருவர் இப்பொட்டலங்களை வணிகர் ஒருவரிடம் காட்டினார். அவர் அனைத்தையும் அரிய பிழைகள் என்று மதிப்பிட்டு ஒட்டுமொத்தமாக விலை பேசினார். மற்றொருவர் அனைத்தும் தேய்ந்த காசுகளே எனத் தள்ளினார். இருவருமே ஒரு காசையேனும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. பங்கீட்டுச் சிக்கலைத் தாண்டி இதில் ஆய்வுச் சிக்கலும் உண்டு. பொட்டலங்களில் ஒன்று சங்ககாலத்தைச் சேர்ந்ததாகக் கருதத்தக்க சதுரச் செப்புக்காசு. அதன் எழுத்துப் பொறிப்பில் 'புள்ளி' இருப்பதாகக் கொண்டால் ஒரு வாசிப்பும், அது வெறும் அரிப்புக் குழி என்று கொண்டால் வேறொரு வாசிப்பும் கிடைக்கும். இத்தகைய குடும்பச் சேகரிப்புகளிலிருந்து 'புதிய வகை' நாணயங்கள் அவ்வப்போது அறிவிக்கப்படுவதால், இவ்வேறுபாட்டை எவ்வாறு காண்பது என்பது முறையியல் வினாவாகிறது.

பிழை என்பதன் பொருள்

பிழை என ஒன்றைச் சொல்வதற்கு முன், பிழையற்றது எவ்வாறு இருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். கையால் அச்சிடப்பட்ட காசுகளுக்கும் பொறியால் அச்சிடப்பட்ட காசுகளுக்கும் இந்த அளவுகோல் ஒன்றன்று. பல தவறான முடிவுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

பாட்டனாரின் பொட்டலங்களுள் ஒன்றில் முதலாம் இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசுகள் நான்கு இருந்தன. ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும் அதனருகே நாகரி எழுத்தில் அரசன் பெயரும் கொண்ட இவ்வகை, தமிழகத்தில் மட்டுமன்றி இலங்கையிலும் பரவலாகக் கிடைக்கிறது. இலங்கை மன்னர்கள் பின்னர் இதே வடிவைப் பின்பற்றித் தம் பெயரில் காசு வெளியிட்டனர். பொட்டலத்திலிருந்த நான்கிலும் எழுத்தின் ஒரு பகுதி காசின் விளிம்புக்கு அப்பால் போய்விட்டிருந்தது. ஒன்றில் பெயரே இல்லை. பாட்டனார் இதைப் பிசகு என்று கொண்டதில் வியப்பில்லை. அவர் கையில் நாள்தோறும் புழங்கியவை பொறியில் அடித்த வட்டக் காசுகள்.

ஆனால் கைத்தொழில் முறையில் கீழ் அச்சு பட்டடையில் பதிக்கப்பட்டிருக்கும். மேல் அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் அடிப்பர். இடையில் வைக்கப்படும் உலோக வில்லையை எதுவும் இறுக்கிப் பிடிப்பதில்லை. அச்சின் பரப்பு வில்லையைவிடப் பெரிதாக இருந்தால் உருவத்தின் ஓரம் வெளியே விழுவது இயல்பு. இருபக்க உருவங்களும் ஒன்றுக்கொன்று எக்கோணத்திலும் அமையலாம். எனவே இராசராசன் காசில் மையம் விலகியிருப்பதும் எழுத்துக் குறைந்திருப்பதும் அம்முறையின் இயல்பான விளைவுகளே. அவற்றைப் பிழை என்பது, கையால் வனைந்த பானையில் விரல்தடம் இருப்பதைக் குறை என்பது போன்றது. இவ்வகையில் உண்மையான பிழை என்று சொல்லத்தக்கது முற்றிலும் வேறு: முந்தைய அடியில் வில்லை நழுவி இரண்டாம் முறை அடிக்கப்பட்டமை, அல்லது ஒரு காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் தன் தலைகீழ்ப் பள்ளத்தைப் பதித்தமை.

வட்டமும் விளிம்பும் ஒருசீராக அமைந்த காசு தமிழகத்தின் அன்றாடப் புழக்கத்துக்கு வந்ததில் மாத்தியூ போல்டனின் சோஹோ அக்கசாலைக்குப் பெரும்பங்குண்டு. பர்மிங்காமுக்கு அருகிலிருந்த அச்சாலையில் நீராவிப் பொறியால் அடிக்கப்பட்ட 1803, 1808 ஆம் ஆண்டுகளின் 'காசு' வரிசைச் செப்பு நாணயங்கள் சென்னை மாகாணத்துக்காகக் கப்பலில் அனுப்பப்பட்டன. வில்லையைச் சுற்றி எஃகு வளையம் ஒன்று இறுகப் பிடித்திருக்க, அச்சின் அழுத்தத்தில் உலோகம் அவ்வளையத்தின் உட்சுவர் வரை பரவும். கல்கத்தாவின் புதிய அக்கசாலை நீராவிப் பொறிகளுடன் 1829 இல் இயங்கத் தொடங்கியது. 1835 ஆம் ஆண்டுச் சட்டம் 180 குன்றுமணி அன்று, 180 'கிரெய்ன்' எடையுள்ள, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி கொண்ட ஒரே ரூபாயைக் கும்பினி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் விதித்தது. (குன்றுமணியையும் கிரெய்னையும் ஒன்றெனக் கொள்ளும் மொழிபெயர்ப்புகள் இன்றும் கண்ணில் படுகின்றன, எடைக் கணக்கில் அது பெருங்குழப்பம் தரும்.) அளவு, எடை, வட்டம், விளிம்பு அனைத்தும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட இந்நிலையில்தான் விலகலைப் பிழை என்று துணிந்து கூற முடிகிறது.

இதனால் பழந்தமிழகத்தில் காசின் தரத்தைப் பார்க்கவில்லை என்பதாகாது. சங்கப் புலவர் சிலர் பெயரில் ஒட்டியுள்ள 'வண்ணக்கன்' என்னும் சொல் காசின் மாற்றும் எடையும் பார்ப்போரைக் குறிக்கும். சோழர் கல்வெட்டுகள் 'அன்றாடு நற்காசு' என்றும் 'பழங்காசு' என்றும் வேறுபடுத்தி எழுதுகின்றன. திருவீழிமிழலையில் பஞ்சகாலத்தில் அப்பரும் சம்பந்தரும் நாள்தோறும் படிக்காசு பெற்றதாகவும், சம்பந்தர் பெற்ற காசுக்கு மட்டும் கடைக்காரர் வட்டம் பிடித்ததால் அவர் மடத்தில் அமுது தாமதமானதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. அவர் பாடிய பதிகம் அந்த வட்டத்தை 'வாசி' என்னும் சொல்லால் குறிப்பிடுகிறது. ஆக, அன்று காசின் குறை உலோக மதிப்பில் உண்டாகும் வேறுபாடாகவே பார்க்கப்பட்டது. உருவத்தின் ஒழுங்கின்மையைத் தனிமதிப்புடைய ஒன்றாகக் காண்பது பொறி அக்கசாலைக்குப் பிந்திய பார்வை.

முன், உடன், பின்

அகழாய்வில் ஒரு குழி எந்த மண்ணடுக்கை வெட்டிச் செல்கிறது என்பதைக் கொண்டு அதன் காலமுறையை அறிகிறோம். நாணயத்தின் மேற்பரப்பையும் அவ்வாறே படிக்கலாம். எந்தத் தடம் எதன் மேல் விழுந்திருக்கிறது, எது எதை வெட்டுகிறது என்று பார்த்தால் அது அச்சிடுவதற்கு முந்தியதா, உடன் நிகழ்ந்ததா, பிந்தியதா என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். 10 மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியும், ஒரு பக்கமிருந்து தாழ்வாக விழும் ஒளியும், நூறில் ஒரு கிராம் காட்டும் தராசும் போதும்.

முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது மேடு பள்ளத்தின் தலைகீழ் உறவு. அச்சில் ஏற்படும் கீறலோ வெடிப்போ பள்ளமானது; ஆகவே அதில் அடிக்கப்படும் காசில் அது மேடாக எழும். காசின் மேல் பின்னர் விழும் கீறல் பள்ளமாகவே இருக்கும். அதன் இருகரைகளிலும் ஒதுக்கப்பட்ட உலோகம் சற்றே உயர்ந்திருக்கும். எழுத்துகளை ஊடுருவி விளிம்புவரை ஓடும் மெல்லிய மேட்டுக்கோடு அச்சு வெடிப்பின் அடையாளம். அதே இடத்தில் பள்ளக்கோடு இருந்தால் அது யாரோ ஒருவருடைய ஆணியோ கத்தியோ செய்த வேலை. இவ்விதி எளியதெனினும் நிழற்படத்தை மட்டும் கொண்டு பார்க்கும்போது மேடும் பள்ளமும் இடமாறித் தோன்றும். ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது என்பது குறிக்கப்படாத படம் சான்றாகாது.

வில்லையிலேயே நேர்ந்த குறைகளுக்கு ஓட்டைக் காலணா நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், செம்பைச் சிக்கனப்படுத்த வேண்டியிருந்த நிலையில், 1943 முதல் நடுவில் துளையுடன் வெளிவந்த ஒரு பைசாக் காசு அது. ஒருபுறம் முடியும் எழுத்துகளும், மறுபுறம் இலைவளையமும் துளையைச் சூழ்ந்திருக்கும். துளையுள்ள காசுகளில் வில்லையை முதலில் துளைத்துப் பிறகு அச்சிடுவதே அக்கசாலைகளின் பொதுவழக்கம். பொட்டலத்திலிருந்த காசில் துளை ஒருபக்கமாக ஒதுங்கி இலைவளையத்தை விழுங்கியிருந்தது. துளை பின்னர் இடப்பட்டதாயின் இலைகள் கூர்மையாக வெட்டுண்டு, அடிப்புறத்தில் பிசிர் நின்றிருக்கும். அச்சின் நடுப்பகுதியும் காசில் எங்கேனும் தெரிந்திருக்கும். இங்கு அவ்வாறில்லை. துளையின் விளிம்பு அச்சின் அழுத்தத்தால் சற்றே உள்ளொடுங்கி, இலைகளின் நுனி துளைப்பக்கமாக இழுபட்டிருந்தது. அழுத்தத்தில் உலோகம் வெற்றிடம் நோக்கி நகர்ந்ததற்கு இது சான்று. துளை முந்தியது, அச்சு பிந்தியது. இது உண்மையான பிழை.

விளிம்பில் பிறைவடிவில் ஒரு துண்டு குறைந்த விக்டோரியா காலணா வேறு கதை சொன்னது. உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது, முன்பு வெட்டிய துளையின் மேல் வெட்டுளி ஏறிவிட்டால் பிறைவடிவக் குறையுள்ள வில்லை உருவாகும். அத்தகைய வில்லை விளிம்பு எழுப்பும் பொறியில் உருளும்போது, குறையுள்ள இடம் பொறியைத் தொடும் கணத்தில் அதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் அழுத்தம் விழாது. ஆதலால் குறைக்கு எதிரேயுள்ள விளிம்பு மங்கியோ தட்டையாகவோ அமையும். மேலும் குறையை ஒட்டிய எழுத்துகள் அதை நோக்கி நீண்டு மெலியும். நம் காசில் எதிர்விளிம்பு முழுமையாக இருந்தது. எழுத்து நடுவில் சட்டென வெட்டுண்டிருந்தது. வெட்டுப்பரப்பில் அரத்தின் கோடுகள் இணையாக ஓடின. 100 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 6.48 கிராம் இருக்க வேண்டிய காசை யாரோ வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். கடையில் சிறு படிக்கல்லுக்கு மாற்றாக எடை சரிசெய்யப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம். ரூபாயின் 180 கிரெய்னே ஒரு தோலாவின் எடையும் ஆதலால், காசைத் தராசுத்தட்டில் வைப்பது மளிகைக் கடைகளுக்குப் புதியதன்று.

'இரு முகம்' என்று எழுதிய பொட்டலத்தில் ஐந்தாம் ஜார்ஜின் காலணா இருந்தது. முன்பக்கம் அரசரின் தலை இயல்பாக எழுந்திருக்க, பின்பக்கத்தில் மதிப்பும் ஆண்டும் இருக்க வேண்டிய இடத்தில் அதே தலை இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருந்தது. முன்பு அடித்த காசு பொறியிலிருந்து வெளியேறாமல் பின்பக்க அச்சின் மேல் ஒட்டிக்கிடக்க, அடுத்த வில்லை அதன்மேல் அழுந்தினால் இவ்வாறு நேரும். இதைப் போலியாகச் செய்வதும் அரிதன்று: இரு காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிடிப்புக்கருவியில் நெருக்கினால் ஒன்றின் உருவம் மற்றதில் பள்ளமாகப் பதியும். ஆனால் அவ்வாறு நெருக்கப்பட்ட காசில் முதலில் இருந்த பின்பக்க எழுத்துகளின் எச்சம் பள்ளத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கும்; மறுபக்க உருவமும் தட்டையாகும். பாட்டனாரின் காசில் பின்பக்க எழுத்தின் எச்சம் ஒரு துளியும் இல்லை. பள்ளம் விளிம்புவரை முழுவட்டமாகப் பரவியிருக்கிறது. அரசரின் தலை முன்பக்கத்தில் சிதையாமல் உள்ளது. 11 பொட்டலங்களில் ஐயமின்றிப் பிழை என்று சொல்லக்கூடியவை இதுவும் ஓட்டைக் காலணாவும் மட்டுமே.

எழுத்து இரட்டித்துத் தோன்றும் ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் ஒன்றிருந்தது. அச்சை உருவாக்கும்போதே உருவம் இருமுறை பதிந்திருந்தால் காசில் இரு எழுத்துகளும் முழு உயரத்துடன், உருண்ட தோள்களுடன் தனித்து எழும். அடித்த அச்சு விலகும் கணத்தில் தளர்ந்து ஆடினால் எழுத்தின் ஓரம் வழித்துவிடப்பட்டு, தட்டையான படி ஒன்று தோன்றும். மூல எழுத்தின் அகலம் குறையும். நம்முடையது இரண்டாவது வகை. பொறியின் தளர்ச்சியால் விளைந்த இதை அக்கசாலைக் குறை எனலாம். ஆயினும் ஒரு தளர்ந்த பொறி ஒரே நாளில் இத்தகைய காசுகளை எண்ணற்று வெளியிடக்கூடும். தனிப்பிழையாக இதைப் பட்டியலிடுவது பொருந்தாது.

பிழையென எண்ணப்பட்ட வடிவமைப்பு

'பன்றி' என எழுதப்பட்டிருந்தது 1911 ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். அரசரின் மேலங்கியிலுள்ள யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்ததால் அவ்வுருவம் பன்றியெனப் பலருக்கும் தோன்றியது, எதிர்ப்பு எழுந்தது. அடித்தவற்றுள் பெரும்பகுதி வெளியிடப்படாமல் உருக்கப்பட்டது. 1912 முதல் யானை திருத்தி வரையப்பட்டது. இது புகழ்பெற்ற செய்தி. ஆயினும் நாணயவியல் நோக்கில் இது அச்சுப் பிழை ஆகாது. அவ்வாண்டின் ஒவ்வோர் அச்சிலும், ஒவ்வொரு காசிலும் அவ்வுருவம் அவ்வாறே உள்ளது. அக்கசாலை தனக்குக் கொடுக்கப்பட்ட வரைவைச் சரியாகவே நிறைவேற்றியது.

'புள்ளி' என்ற பொட்டலத்து விக்டோரியா ரூபாயும் இத்தகையதே. 1862 ஆம் ஆண்டு பொறித்த ரூபாய் 1874 வரை அதே ஆண்டுடன் அடிக்கப்பட்டது. அக்காலக் காசுகளில் ஆண்டுக்குக் கீழும் மேலும் காணப்படும் நுண்புள்ளிகள் உண்மையில் அடித்த ஆண்டைக் குறிக்க இடப்பட்டவை என்பது நாணயவியலார் கருத்து. புள்ளி மேடாக, வட்டமாக, குறித்த இடத்தில் இருந்தால் அது அடையாளம். பிற்காலக் காசுகளில் பம்பாய் அக்கசாலையின் புள்ளியையும் லாகூரின் 'எல்' எழுத்தையும் அறியாதவர் அவற்றையும் குறை என்றே கொள்வர்.

புழக்கத்தின் தடங்கள்

தேய்வு உயர்ந்த இடத்திலிருந்து தொடங்கும். விக்டோரியாவின் காதருகே கூந்தல், ஜார்ஜின் மீசையும் கன்னமும், மேலங்கியின் மடிப்பு ஆகியவை முதலில் மழுங்கும். எழுத்துகளின் அடி நெடுங்காலம் தப்பிநிற்கும். தேய்ந்த பரப்பு வழவழப்பாக, ஒளியைச் சீராகத் திருப்பும். அழுத்தம் போதாமல் எழும்பாத இடமோ வில்லையின் முதற்சொரசொரப்பை அப்படியே காட்டும். ஏனெனில் அங்கு அச்சு தொடவேயில்லை. இரண்டையும் பிரித்தறிய மற்றொரு வழியும் உண்டு. உலோகம் போதாமையால் ஒருபக்கம் எழும்பாத இடத்துக்கு நேர் பின்னேயும் உருவம் மங்கியிருக்கும். தேய்வுக்கு இத்தகைய எதிர்ப்பக்கத் தொடர்பு இல்லை.

எடையும் பேசும். 1906 ஆம் ஆண்டு இந்திய நாணயச் சட்டம், நிர்ணயித்த எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் குறையாமலும் உருவழிக்கப்படாமலும் இருக்கும் வரையே வெள்ளி ரூபாய் செல்லுபடியாகும் என்றது. 11.66 கிராம் ரூபாய் 11.43 கிராமுக்குக் கீழே போனால் செல்லாது. அவ்வாறு குறைந்தவற்றையும் உருவழிந்தவற்றையும் வெட்டவோ உடைக்கவோ குறித்த அலுவலர்க்கு அதிகாரம் இருந்தது. இதனால் வெட்டுப்பட்ட ரூபாய் ஒன்று அரசின் ஆணைப்படியே வெட்டப்பட்டதாகவும் இருக்கலாம். தேய்வையும் உருவழிப்பையும் சட்டம் தனித்தனியே எண்ணியது நம் வகைப்பாட்டுக்கும் உதவுகிறது.

உருவழிப்பின் தொன்மை பெரிது. 1898 இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளிவெட்டு விழுந்திருந்தது. அவ்வெட்டு தங்கத்தைச் சோதிக்கவா, காசாகச் செல்லாதபடி விலக்கவா என்பது நெடிய விவாதம். எவ்வாறாயினும் உரோமில் அடித்ததற்குப் பின் நிகழ்ந்தது அது. காசைப் பெற்ற சமூகத்தின் வரலாறு அந்த வெட்டில்தான் உள்ளது. இத்தகைய காசைச் 'சேதமுற்றது' என்று ஒதுக்கிவிட்டு அச்சு வெடிப்பைத் தேடுவது, சேகரிப்பாளருக்குப் பொருந்தலாம். வரலாற்று மாணவருக்குப் பொருந்தாது.

பொட்டலங்களிலும் இவ்வகை இருந்தது. ஒரு ரூபாயின் உச்சியில் விளிம்பு வரிகள் தட்டையாகிச் சற்றே மஞ்சள் படர்ந்திருந்தன. காசுமாலையிலோ தாலிக்கொடியிலோ கோக்க வளையம் பற்றவைத்து, பின்னர் எடுத்திருக்கிறார்கள். மஞ்சள் நிறம் பற்றாசின் எச்சம். 1808 ஆம் ஆண்டின் 20 காசு நாணயம் ஒன்று முழுப்பரப்பும் குழிவிழுந்து காணப்பட்டது. இவ்வகைக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் பெருந்தொகையான காசுகள் மீட்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. ஆதலால் கடலரிப்பு என்ற எண்ணம் எழலாம். ஆனால் 1971 இல் மூடப்பட்ட பெட்டியில் அக்காசு இருக்க முடியாது. குழிகளில் படிந்த செம்மண்ணும் களிம்பும் உள்ளூர் மண்ணையே சுட்டின. சேகரிப்பு எப்போது முடிவுற்றது என்ற செய்திகூடச் சான்றாகும் என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன்.

சதுரக்காசின் புள்ளி

சதுரச் செப்புக்காசில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவைப்பட்டது. 'பெருவழுதி' என்னும் தமிழ்-பிராமிப் பொறிப்புள்ள சதுரக்காசை 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அறிவித்த பிறகு, சங்ககாலக் காசுகளின் வாசிப்பு தனித்துறையாக வளர்ந்தது. அவற்றில் எழுத்து மேடாக எழுந்திருக்கும். மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. புள்ளி இடம்பெறுவதைத் தமிழ்-பிராமியின் வளர்ச்சிநிலைகளைப் பிரிக்கும் அடையாளங்களுள் ஒன்றாக ஐராவதம் மகாதேவன் கொண்டார். ஆகவே ஒரு காசில் புள்ளி உண்டா இல்லையா என்பது அதன் கால நிர்ணயத்தைத் தொடும்.

பாட்டனாரின் காசிலுள்ள 'புள்ளி' பள்ளமானது. எழுத்து மேடாக உள்ள காசில், அதே அச்சில் வெட்டப்பட்ட புள்ளியும் மேடாகவே இருந்தாக வேண்டும். அதன் விளிம்பு ஒழுங்கற்றது; அடியில் பச்சைக் களிம்பு தூளாக உள்ளது; அதே போன்ற குழிகள் எழுத்தில்லாத மறுபக்கத்திலும் மூன்று உள்ளன. எனவே அதை எழுத்துறுப்பாகக் கொள்ள இடமில்லை. மறுதலையாக, மேடாக எழும் எல்லாம் புள்ளியும் அல்ல. செம்பின் உள்ளிருந்து அரிப்பு கொப்புளமாக வெடித்து எழுவதுண்டு. அது பொதுவாக நிறம் மாறி, நுனியில் பிளந்திருக்கும். ஆற்றுமணலில் உருண்ட காசிலோ மேடுகளும் முனைகளும் ஒருசேர மழுங்கியிருப்பதால் உண்மையான புள்ளியே மறைந்திருக்கவும் கூடும். அத்தகைய காசில் புள்ளி இல்லை என்பதைக் கொண்டு காலம் கூறுதல் தகாது. இக்காசுக்கு நான் வாசிப்பு எதுவும் முன்வைக்கவில்லை.

ஏழாம் பொட்டலம்

எஞ்சியது 1918 ஆம் ஆண்டு ரூபாய். முதல் உலகப்போரின் இறுதியில் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு கடுமையானது. அவ்வாண்டின் பிட்மன் சட்டப்படி அமெரிக்கக் கருவூலத்திலிருந்த வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டு, ஏறத்தாழ 20 கோடி அவுன்சு வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, ரூபாய் அடிக்க இந்தியா வந்தது. அக்கசாலைகள் ஓய்வின்றி இயங்கிய காலம் அது. களைத்த அச்சும் குறைந்த அழுத்தமும் எதிர்பார்க்கத்தக்கவையே.

இக்காசில் அரசரின் காதும் தாடையும் மங்கியுள்ளன. அதற்கு நேர் பின்னே மதிப்பைக் குறிக்கும் எழுத்துகளின் நடுப்பகுதியும் மங்கியுள்ளது. எடை 11.61 கிராம், இழப்பு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. இவ்விரண்டும் தேய்வுக்கு எதிராகவும் அழுத்தக் குறைவுக்குச் சார்பாகவும் நிற்கின்றன. முடிவுசெய்யத் தேவையான மூன்றாம் சான்று மங்கிய பரப்பில் வில்லையின் சொரசொரப்பு எஞ்சியிருக்கிறதா என்பது. அது இல்லை. பரப்பு முழுதும் கண்ணாடிபோல் வழவழத்து, நுண்கோடுகள் வட்டமாகச் சுழல்கின்றன. இந்த ஒரு ரூபாய் மட்டும் ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று கல்லாவின் முன் வைக்கப்பட்டது என்றும், அதற்கு முந்திய மாலையில் திருநீற்றால் தேய்த்துக் கழுவுவது தன் வேலை என்றும் என் தாயார் சொல்கிறார். அவர் விரல்கள் தேய்த்த வட்டமும் உருப்பெருக்கியில் தெரிகின்ற வட்டமும் ஒன்றே.

புதிய பட்டியலில் அக்காசுக்கு எதிரே 'முடிவு செய்யப்படவில்லை' என்று எழுதப்பட்டுள்ளது. பாட்டனாரின் பென்சில் எழுத்துள்ள காகிதங்கள் எதுவும் அகற்றப்படவில்லை. எடை, விட்டம், ஒளியின் திசை குறித்த படம், கழுவிய வரலாறு ஆகியவை அடங்கிய தனிச்சீட்டு ஒவ்வொரு பொட்டலத்தினுள்ளும் வைக்கப்பட்டிருக்கிறது.